கடல்படு மருந்து

தமிழ் அகராதிகள் கடல்படு திரவியம் ஐந்து என்று வகுத்துரைக்கும். உப்பு, முத்து, பவளம், சங்கு, ஓர்க்கோலை என்பன அவை. வணிகன் தேடியவையும் வைத்தியன் தேடியவையும் பெரும்பாலும் இவையே. முத்தையும் பவளத்தையும் சங்கையும் நீற்றிப் பற்பமாக்குவது சித்த வைத்திய மரபு. கணவாயின் முதுகோட்டைக் கடல்நுரை என்ற பெயரால் நாட்டுமருந்துக் கடைகளில் இன்றும் விற்பர். இந்தச் சரக்குகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். உப்பையும் ஓர்க்கோலையையும் விலக்கினால் எஞ்சுவன எல்லாம் ஓடுகள், கூடுகள், சுண்ணத்தாலான வன்பொருள்கள். கடலில் உள்ள மென்மையான உயிர்களைப் பழைய மருத்துவம் அதிகம் நாடவில்லை. புற்றுநோய்க்குக் கடலிலிருந்து கிடைத்த மருந்துகளின் வரலாறோ அந்த மெல்லுயிர்களிடமிருந்தே தொடங்குகிறது.

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை நோக்கித் தெற்கே செல்லும் வீதியில், எழுவான்கரையில் அமைந்தது களுவாஞ்சிக்குடி. அதன் கிழக்கே வங்கக் கடல், மேற்கே வாவி. அயலிலுள்ள குருமண்வெளித் துறையில் பாதையேறி வாவியைக் கடந்தால் படுவான்கரையின் மண்டூர். இவ்வாறு இருபுறமும் நீர் சூழ்ந்த நிலத்தில் வாழ்வோர் மீனையும் இறாலையும் நண்டையும் பெயர் பெயராக அறிவர். கரைவலையில் மீனோடு வந்து சேரும் வேறு சிலவற்றுக்கு அவ்வளவு மதிப்பில்லை. பஞ்சுபோல் துளை நிறைந்து, கையில் பட்டால் அரிக்கும் கடற்பஞ்சு. ஓடின்றி வழுவழுப்பாய் இருந்து, தொட்டால் ஊதா நிறச் சாயத்தைக் கக்கும் கடல் முயல். நீரைப் பீச்சும் சிறு பைபோன்ற கடற்பீச்சி. இவை சந்தைக்குச் செல்வதில்லை, மணலிலேயே உதறப்படுகின்றன.

உதறுவதற்கு நியாயம் உண்டு. இவற்றுட் பலவற்றை மீன்களே தின்பதில்லை. ஒரே பாறையில் ஒட்டிக்கொண்டு ஆயுள் முழுவதையும் கழிக்கும் கடற்பஞ்சால் ஓடித் தப்ப இயலாது. கடித்துப் போராடப் பல் இல்லை. ஒளிந்துகொள்ள ஓடும் இல்லை. அத்தகைய உயிர் பிழைத்திருக்க வேண்டுமானால் அதன் உடலே உண்ணத் தகாததாய் இருக்கவேண்டும். ஆகவே அது நஞ்சைக் காப்பாகக் கொண்டது. கடல் நீரில் கலந்தவுடன் அந்த நஞ்சு பெருமளவு நீர்த்துப் போய்விடும். அப்படியிருந்தும் பகையைத் தடுக்க வேண்டுமாயின் மிகச் சிறிய அளவிலேயே உயிரணுவைத் தாக்கும் கடுமை அதற்கு வேண்டும். இந்தக் கடுமையைத்தான் இருபதாம் நூற்றாண்டின் இரசாயன அறிஞர்கள் மருந்தாக்க முற்பட்டனர்.

முதலில் இது தற்செயலாகவே நேர்ந்தது. 1945 ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாக் கரைக்கு அப்பாலுள்ள ஆழங்குறைந்த கடலில் ஒருவகைக் கடற்பஞ்சு சேகரிக்கப்பட்டது. யேல் பல்கலைக்கழகத்தில் அதனை ஆராய்ந்தவர் வேர்னர் பேர்க்மன். அவருக்குப் புற்றுநோய் மருந்து தேடும் நோக்கம் இருக்கவில்லை. கடலுயிர்களின் கொழுப்புச் சார்ந்த பொருள்களே அவரது துறை. உலர்த்திய பஞ்சைச் சூடான அசற்றோனில் ஊறவைத்தபோது எதிர்பாராத பளிங்குகள் படிந்தன. பேர்க்மனும் றொபேட் பீனியும் 1950, 1951 ஆம் ஆண்டுகளில் அப்பளிங்குகளின் தன்மையை வெளியிட்டனர்.

அதில் வியப்பு என்னவெனில், அப்பொருள்கள் மரபிழையின் அடிப்படைத் துண்டுகளைப் பெரிதும் ஒத்திருந்தன. ஆனால் அவற்றோடு இணைந்திருந்த வெல்லம் வேறு. உயிரணுக்களில் வழக்கமாக உள்ள வெல்லத்துக்குப் பதிலாக அரபினோஸ் என்னும் வெல்லம் இருந்தது. அரபுப் பிசினிலிருந்து பெயர்பெற்ற அந்த வெல்லம் மரபிழைத் துண்டோடு கூடி இயற்கையில் காணப்படும் என்று அதுவரை எவரும் எண்ணியிருக்கவில்லை.

இந்தச் சிறு வேறுபாட்டின் விளைவு பெரிது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் மரபிழையைப் படியெடுத்துக்கொள்கிறது. வலை முடிபவன் ஒரு கண்ணியிலிருந்து நூலை எடுத்து அடுத்த கண்ணியை முடிவதுபோல, ஒரு துண்டின்மேல் அடுத்த துண்டு கொளுவப்படுகிறது. இடையில் உண்மை நூலைப்போலவே தோன்றி, அடுத்த முடிச்சைத் தாங்காத போலி நூலொன்று புகுந்தால் வலை அந்த இடத்தோடு நின்றுவிடும். அரபினோஸ் ஏறிய போலித் துண்டு செய்வதும் இதுவே. ஓயாது பிரிந்து பெருகும் உயிரணுவே படியெடுப்பதும் அதிகமாதலால், அடி அதற்கே முதலில் விழுகிறது. கடற்பஞ்சின் பொருளை முன்மாதிரியாகக் கொண்ட இந்த வழியில் 1959 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில், பேர்க்லிப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் சைற்றரபின் செயற்கையாக ஆக்கப்பட்டது. 1969 இல் அமெரிக்க அரசு அதனை மருந்தாக ஏற்றது. கடுமையான இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது முதன்மையான மருந்துகளுள் ஒன்று; உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. அதனை ஊசிவழி ஏற்றிக்கொள்ளும் நோயாளருள் எத்தனை பேர் அது ஒரு கடற்பஞ்சின் வழிவந்தது என்பதை அறிவரோ! மருந்து ஆலையில் தோன்றியது. அதன் வடிவம் கடலில் தோன்றியது.

சைற்றரபினில் இருந்த வசதி, அந்தச் சிறிய மூலக்கூற்றை மனிதன் எளிதில் ஆக்கிக்கொள்ள முடிந்தது. பின்னர் கண்டெடுக்கப்பட்டவை அவ்வளவு இணக்கம் காட்டவில்லை. கடல் முயலின் கதை இதற்கு நல்ல சான்று.

கடல் முயல் நஞ்சுடையது என்பதை உரோம அறிஞரான பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த இரசாயன அறிஞர் ஜோர்ஜ் றொபேட் பெற்றிற் 1960களின் நடுப்பகுதி தொட்டே கடல்விலங்குகளில் புற்றுநோய் எதிர்ப்புப் பொருள்களை ஒழுங்காகத் தேடிவந்தவர். 1972 இல் அவரது குழு இந்து சமுத்திரத்தின் மொரிசியஸ் தீவருகே கடல் முயல்களைச் சேகரித்தது. அவற்றின் சாறு எலிகளின் இரத்தப் புற்றை எதிர்த்தது. எந்தப் பொருள் எதிர்க்கிறது என்று பிரித்தறிவதற்கோ ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. டொலாஸ்டாற்றின் 10 எனப் பெயரிடப்பட்ட அதன் அமைப்பு 1987 இல் வெளியாயிற்று. சுமார் 1 தொன் கடல் முயலிலிருந்து கிடைத்தது 30 மில்லிகிறாமுக்கும் குறைவு. ஒரு சிட்டிகை உப்பைவிடச் சிறிய அளவு அது. இந்தக் கணக்கின்படி மருந்து ஆக்க முனைந்தால் நோயாளர் குணமாகுமுன் கடல் முயலினமே அழிந்துவிடும்.

இப்பொருள் உயிரணுவைத் தாக்கும் முறையைக் கரைவலை இழுப்பைக் கண்டவர்கள் எளிதில் உணரலாம். கரைவலைக்கு இரண்டு கயிறுகள். இரு குழுவினர் இரு பக்கம் நின்று இழுத்தால்தான் வலை ஒழுங்காகக் கரைசேரும். பிரியும் உயிரணுவிலும் மரபுப்பொருளை இருபுறமும் இழுத்துப் பகிர்ந்துகொடுக்க நுண்ணிய கயிறுகள் உண்டாகின்றன. வேலை முடிந்ததும் அவை கலைந்துவிடுகின்றன. டொலாஸ்டாற்றின் அக்கயிறுகளைத் திரிக்கவே விடாது. கயிறு இல்லாத இடத்தில் பிரிவும் இல்லை. ஆயினும் புற்றணுவுக்கு மட்டுமா கயிறு? எலும்பு மச்சை, குடல், மயிர்க்கால் யாவற்றிலும் அணுக்கள் பிரிந்துகொண்டேயிருக்கின்றன. ஆகையால் 1990களில் நோயாளரிடம் இதனைச் சோதித்தபோது, தாங்கக்கூடிய அளவில் கொடுத்தால் நோய் அடங்கவில்லை. அளவைக் கூட்டினால் உடல் தாங்கவில்லை. மருந்து என்ற நிலையில் அது தோற்றது.

தோற்ற பொருளை வேறு வழியில் பயன்படுத்த எண்ணியவர்கள், அதன் சாயலில் செயற்கையாக ஆக்கிய ஒரு நஞ்சைச் சிலவகை நிணநீர்ப் புற்றணுக்களின் மேற்பரப்பை மட்டும் தேடிப் பற்றும் பிறபொருளெதிரியொன்றோடு பிணைத்தனர். பிறபொருளெதிரி அஞ்சற்காரன், நஞ்சு அவன் பையிலுள்ள கடிதம். மேல்விலாசம் சரியான வீட்டில்தான் பை பெரும்பாலும் திறக்கும். பிரென்டுக்சிமாப் வெடோட்டின் என்ற இம்மருந்து 2011 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மொரிசியஸ் கரையில் கடல் முயலைப் பிடித்த நாளிலிருந்து எண்ணினால் இது 39 ஆண்டு வேலை.

கரீபியன் கடலில், நீரில் மூழ்கிய கண்டல் வேர்களைப் பற்றி வளரும் கடற்பீச்சி ஒன்று உண்டு. அதன் சாறு புற்றணுவைத் தடுக்கிறது என்பது 1969 இலேயே தெரிந்தது. இல்லினோய்ப் பல்கலைக்கழகத்தில் கெனத் றைன்ஹாட் முதலியோர் அதன் அமைப்பை வெளியிட்டது 1990 இல். இங்கும் தடையாய் நின்றது அளவுதான்: 1 கிறாம் பொருளுக்கு ஏறத்தாழ 1 தொன் கடற்பீச்சி. ஸ்பெயின் நாட்டு நிறுவனமொன்று கடலிலேயே அதனை வளர்த்துப் பார்த்தது. 1996 இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் ஈலயஸ் கோறி அதனை முழுமையாகச் செயற்கை முறையில் ஆக்கிக் காட்டினார். அறிவுக்கு அது பெருவெற்றி, ஆலைக்கோ நீண்ட வழி. ஈற்றில் மண்ணிலும் நீரிலும் வாழும் சாதாரண பற்றீரியா ஒன்றைத் தொட்டியில் நொதிக்கச் செய்து, அது தரும் பொருளைச் சில படிகளில் மாற்றி ட்ரபெக்டெடின் மருந்தைப் பெற்றனர். மென்திசுப் புற்றுக்கு 2007 இல் ஐரோப்பாவிலும் 2015 இல் அமெரிக்காவிலும் அது அனுமதிக்கப்பட்டது. யப்பானியக் கடற்பஞ்சு ஒன்றில் 1986 இல் கண்ட பொருளின் ஒரு பாதியை மட்டும் செயற்கையாக ஆக்கி, மார்பகப் புற்றுக்கான எரிபுலினை 2010 இல் பெற்றதும் இதனையொத்த வரலாறே.

இந்த ஆராய்ச்சிகளின் இடையே இன்னோர் உண்மையும் வெளிப்பட்டது. பசிபிக்கின் பலாவு தீவருகே வளரும் ஒரு நீலப்பச்சைப் பாசியிலிருந்தே டொலாஸ்டாற்றின் 10 நேராகப் பெறப்பட்டதை 2001 இல் அறிவித்தனர். எனவே கடல் முயல் அந்த நஞ்சைத் தானே ஆக்கவில்லை. அத்தகைய பாசியைத் தின்று உடலில் சேர்த்துக்கொண்டது. கடற்பீச்சியின் பொருளும் அதனுள் குடியிருக்கும் நுண்ணுயிரின் கைவேலை எனப் பின்னர் தெரியவந்தது. உடைமையாளன் ஒருவன், உழைத்தவன் வேறொருவன். ஆகவே ஓர் உயிரைக் காக்க வேண்டுமானால் அதனை மட்டும் காத்தல் போதாது. அது தின்னும் பாசியும் அது பற்றும் வேரும் அது வாழும் நீரும் கூடவே காக்கப்படவேண்டும்.

இலங்கைக் கடலின் மெல்லுயிர்கள் அறிஞருலகுக்கு அறிமுகமானது மருந்தின் பொருட்டன்று, முத்தின் பொருட்டு. மன்னார்க் குடாவின் முத்துச்சலாபம் பல ஆண்டுகள் பொய்த்துப்போன காரணத்தை அறிய அக்கால அரசு லிவர்ப்பூல் பேராசிரியர் வில்லியம் ஹேட்மனை அழைத்தது. 1902 இல் ஜேம்ஸ் ஹோணெலுடன் வந்த அவர் முத்துச்சிப்பியை மட்டுமன்றிக் கடலடியில் அகப்பட்ட யாவற்றையும் வாரியெடுத்தார். 1903 தொடக்கம் 1906 வரை லண்டன் றோயல் சங்கம் ஐந்து பகுதிகளாக அவரது அறிக்கையை வெளியிட்டது. அதில் கடற்பஞ்சுகளைப்பற்றிய பகுதியை 1905 இல் எழுதியவர் ஆதர் டெண்டி. கடற்பீச்சிகளில் ஹேட்மனே பெயர்போன வல்லுநர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. முத்துக்காகச் செலவிட்ட அரசின் பணம் முத்தைப் பெருக்கவில்லை; ஆனால் இத்தீவின் கடற்பஞ்சுகளுக்கு அது ஒரு பெயரேட்டைத் தந்துவிட்டது.

அந்த ஏட்டைத் தொடர்ந்து வேதியியல் வளர்ந்திருக்கவேண்டிய காலத்தில் இலங்கை அறிஞரின் கண் காட்டின்மீதே இருந்தது. பேராதனையில் சுல்தான்பாவாவின் குழு இத்தீவுக்கே உரிய மரங்களின் பொருள்களைத் தொடர்ந்து ஆராய்ந்து புகழீட்டியது. அக்குழுவோடு பணிபுரிந்த சரத் குணசேகர பின்னர் அமெரிக்கா சென்று, புளோரிடாவின் ஹாபர் பிராஞ்ச் கடலாராய்ச்சி நிலையத்தில், பஹாமாஸ் கடலில் 33 மீற்றர் ஆழத்தில் எடுத்த கடற்பஞ்சிலிருந்து டிஸ்கோடெர்மொலைட் என்னும் பொருளை 1990 இல் வெளிக்கொணர்ந்தார். முன்னர் கூறிய கயிறுகளை இது திரிக்கவிடாமற் செய்வதில்லை. திரித்த கயிற்றைக் கலையவிடாது விறைப்பாக்கிவிடுகிறது. முடிவு ஒன்றே. பெரிய மருந்து நிறுவனமொன்று மிகுந்த பாடுபட்டு 60 கிறாம் அளவு செயற்கையாக ஆக்கி, 2004 இல் அதன் விவரத்தை வெளியிட்டது. மனிதரிடம் முதற்கட்டச் சோதனை நடந்தபோது நுரையீரலுக்குத் தீங்கு நேர்ந்தமையால் அதனைக் கைவிட்டனர். பின்னாளில் கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியராய் விளங்கிய டிலிப் டி சில்வாவும் பலாவு கடற்பஞ்சொன்றிலிருந்து, ஹவாயின் போல் ஷொயருடன் சேர்ந்து, மனோஅலைட் என்ற பொருளை 1980 இல் அறிவித்தார். அது புற்றுக்கன்று, அழற்சி ஆராய்ச்சிக்குப் பயன்பட்டது. இலங்கையர் இருவரின் பெயர் கடல் மருந்து வரலாற்றில் நிலைத்தது. இருவருக்கும் பொருள் தந்தது அயற்கடல்.

தன் கடலின் செல்வத்தை அறியாத நாடு அதன்மீது உரிமை கோருவதும் கடினம். 1970களில் ஓரிடத்துக் கடலுயிரை எடுத்துச் சென்று இன்னோரிடத்தில் மருந்தாக்கினால், எடுத்த நாட்டுக்குப் பங்கு உண்டென்று சொல்லும் சட்டம் இருக்கவில்லை. 1992 ஆம் ஆண்டின் உயிரினப் பல்வகைமை உடன்படிக்கையே ஒரு நாட்டின் உயிர்வளம் அந்நாட்டின் உரிமைக்கு உட்பட்டது என்பதை உறுதிசெய்தது. இலங்கை 1994 இல் அதில் உறுதிப்பட இணைந்தது. ஆயினும் எந்தக் கரையில் எந்த உயிர் உள்ளது என்ற கணக்கு கையில் இல்லாதவரையில், உரிமை ஏட்டளவில்தான் நிற்கும்.

கடலிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து வந்தது என்ற செய்தி நோய்பட்ட குடும்பங்களின் காதில் விழும்போது வேறு பொருள் கொண்டுவிடுகிறது. கடல் அட்டையை அவித்துக் குடித்தால் கட்டி கரையும், பாசியை அரைத்து உண்டால் நோய் தீரும் என்று சொல்வாரும் விற்பாரும் எங்கும் உளர். ஆசை பொல்லாதது, வைத்தியசாலைக்குப் போகும் நாளை அது ஒத்திவைக்கும். மேலே கூறிய கணக்கை அங்கே நினைவுகூர வேண்டும். 1 தொன் உயிரில் 1 கிறாமும் தேறாத பொருளை ஒரு கோப்பைக் கஞ்சியில் தேடுவது வீண். இருக்கும் சிறிதளவும் எல்லா அணுக்களையும் தாக்கும் நஞ்சு. அளவறிந்து, இரத்தத்தைச் சோதித்துச் சோதித்து, வைத்தியரின் கண்முன்னே கொடுக்கப்படவேண்டியது. கடற்பஞ்சின் வழிவந்த சைற்றரபினைப் பெற ஒருவர் கடற்கரைக்குப் போகவேண்டியதில்லை. புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போகவேண்டும். களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையில் காட்டி, மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ மகரகமைக்கோ அனுப்பப்படும் நோயாளர் ஒருவருக்கு அந்தப் பயணத்தில் இழக்கும் ஒவ்வொரு மாதமும் கணக்கில் வரும்.

வாவியைப்பற்றியும் ஒரு சொல். 1848 இல் மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் டெனன்ற் இரவில் தோணியேறி, நீருக்குள்ளிருந்து எழுந்த இன்னொலியைக் கேட்டு, 1859 இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதினார். அதனை எழுப்புவது மீனன்று, ஊரி என்றே வாவி மீனவர் அவருக்குக் கூறினர். அன்று தொட்டுப் பாடும் மீனைத் தேடி வந்தோர் பலர். வாவியின் பாசிகளிலும் கண்டல் வேர்களைப் பற்றி வாழும் மெல்லுயிர்களிலும் என்ன பொருள் உள்ளது என்று தேடி வந்தோர் சிலரே. போர் நடந்த ஆண்டுகளில் கிழக்குக் கடலில் இறங்குவதற்கே தடைகள் இருந்தன. 1986 இல் வந்தாறுமூலையில் முழுமைபெற்ற கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியலும் இரசாயனவியலும் கற்பிக்கப்படுகின்றன. அங்கிருந்து வாவிக்கரை தொலைவில் இல்லை. ஹேட்மன் வாரியெடுத்து டெண்டி பெயரிட்ட இலங்கைக் கடற்பஞ்சுகளின் மூலமாதிரிகளோ லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கின்றன. இன்று இக்கரையில் ஒரு மாணவர் கடற்பஞ்சொன்றை எடுத்து, அதன் இனம் யாதென்று ஐயமற அறிய விரும்பினால், அந்த மாதிரிகளோடு ஒப்பிட்டே முடிவுசெய்யவேண்டும்.